குப்பைப் பெட்டியில் மூன்று மெயில்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கணினியைத் திறந்ததும் படிக்காத மெயில் 412. நேற்று மாலை கிளம்பும்போது 290 இருந்தது. பூட்டிய அறைக்குள் இதெல்லாம் குட்டி போடுமா?

இந்தக் கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு வந்து பதினோரு வருஷம். முதலில் ஒரு தொலைபேசியும் தடித்த நோட்டும்தான். இப்போது எல்லாரும் ஒரே மெயில் முகவரிக்கு எழுதுகிறார்கள். நேரம் கேட்பவர், அறிக்கை கேட்பவர், லென்ஸ் விற்பவர், எனக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்பவர். இங்கே வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் அந்தப் பெட்டிக்கு ஒரே பாஸ்வேர்ட். திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கிறது. யார் எதைப் படித்தார், யார் பதில் போட்டார் — ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. போன மாதம் ‘உங்கள் பார்சல் ரசீது’ என்று வந்த இணைப்பைத் திறந்தது நான்தானே. மூன்று நாள் எல்லாக் கணினியும் படுத்துவிட்டன. டாக்டர் திட்டவில்லை. ‘தெரியாத முகவரியிலிருந்து வரும் எந்த இணைப்பையும் திறக்கக் கூடாது’ என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். அதில் பெயர் இல்லை. அது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 5, புதன்

ஒரே மூச்சில் அறுபது மெயில்களைக் குப்பை என்று குறித்துத் தள்ளினேன். மணிக்கட்டு விண்விண் என்கிறது. ஒன்று நல்ல கெட்டிக்காரத்தனமாக வந்தது: ‘அவசரம். இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள்.’ பெயர் இல்லை, வணக்கம் இல்லை, முகவரி முழுக்க எண்கள், கூடவே ஒரு இணைப்பு. போய்யா, இந்தத் தடவை ஏமாறமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

380. தலைவலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

கணினி பழுதுபார்ப்பவர் வந்தார். நாங்கள் வைத்த பேர் ‘வைரஸ் சார்’. அவருக்கும் அது தெரியும். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

மஞ்சள் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆளுக்கொரு பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் போட்ட பிறகு போனுக்கு ஒரு எண் வரும், அதையும் போட்டால்தான் பெட்டி திறக்கும். “இந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க மேடம். நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாதீங்க.”

கடைசியில் ஒன்று சொன்னார். “குப்பைன்னு நீங்க தள்ளுறது உடனே போயிடாது. முப்பது நாள் அங்கயே கிடக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பார்வை பாத்துடுங்க. சில சமயம் நல்லதும் மாட்டிக்கும்.”

குப்பையையும் நானே கிளற வேண்டுமாம்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் கூட்டம் குறைந்ததும் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். அதே எண் முகவரி. ஒன்றல்ல, மூன்று. முதலாவதை நான் குப்பை என்று குறித்ததால் அடுத்து வந்த இரண்டும் தானாகவே இங்கே விழுந்திருக்கின்றன. இரண்டாவது: ‘என் மெயில் வந்ததா?’ மூன்றாவது நீளமானது, அடியில் ஒரு போன் எண்ணும் இருந்தது. ‘குழந்தைக்குப் பதினாலு மாதம். போட்டோ எடுத்தால் ஒரு கண்ணின் பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. உங்கள் தொலைபேசி எப்போதும் வேறு அழைப்பில் இருக்கிறது. டாக்டர் படத்தைப் பார்த்து, வர வேண்டுமா என்று மட்டும் சொன்னால் போதும்.’

அப்போதும் இணைப்பைத் திறக்கக் கை வரவில்லை. வைரஸ் சாரை அழைத்தேன். கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று கேட்டார், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். “அது படம்தான் மேடம். திறங்க.”

சிரிக்கிற குழந்தை. ஒரு கண் கறுப்பு. ஒரு கண் பூனைக்கண் மாதிரி வெளுப்பு.

டாக்டர் அறைக்குள் தட்டாமல் நுழைந்தேன். படத்தைப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “உடனே போன் பண்ணுங்க. நாளைக்குக் காலையில முதல் ஆளா இங்க இருக்கணும். இது எப்ப வந்துச்சு?”

“குப்பைப் பெட்டியில இருந்துச்சு டாக்டர்.”

பொய் இல்லை. ஆனா உண்மையும் இல்லையே! அஞ்சாம் தேதி வந்துச்சு. இன்னைக்குப் பதினாலு. ஒன்பது நாள். தள்ளுனது நான். என் விரல்.

மார்ச் 15, சனி

அம்மாவும் குழந்தையும் இரண்டு பேருந்து மாறி, கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார்கள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் பார்த்தார். கண்ணுக்குள் கட்டி இருக்கலாம் என்றார். கடிதம் எழுதிக்கொடுத்து இன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் தேடிக் கண்டுபிடிச்சீங்களாம். டாக்டர் சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்க்கா.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்!

மார்ச் 17, திங்கள்

டாக்டர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். “நம்ம மேடத்துக்குக் கழுகுக் கண்ணு.” கை தட்டினார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லப்போறியா?”

“சொல்லணும்ல?”

“சொன்னா உனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு?”

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மார்ச் 22, சனி

டாக்டரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். நின்றுகொண்டே சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

“ஒன்பது நாள்ல பெருசா மாறியிருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா நிச்சயமா சொல்ல முடியாது. உங்களை சமாதானப்படுத்தப் பொய் சொல்லமாட்டேன்.” பிறகு, “திறக்காதீங்கன்னு ஒட்டுனது நான். நோயாளி படம் அனுப்புனா என்ன செய்யணும்னு நான் சொல்லவே இல்லை. உக்காருங்க. இப்ப எழுதுவோம்.”

எழுதினோம். நோயாளிகளுக்கென்று தனி முகவரி. யார் எழுதினாலும் உடனே தானாகப் போகும் பதில்: பார்வை திடீரென்று குறைந்தால், குழந்தையின் பாவை வெள்ளையாகத் தெரிந்தால், மெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த எண்ணுக்கு அழையுங்கள். அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு போன். சந்தேகமான இணைப்பு வந்தால் தள்ளவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். இரண்டாவது ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். குப்பைப் பெட்டி தினமும் காலையில். அது என் வேலை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

லென்ஸ்காரர்கள், மாநாட்டுக்காரர்கள் என முப்பத்தெட்டுப் பேருடைய அஞ்சல் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்தாயிற்று. படிக்காதவை 23. இன்று ‘உங்கள் கணக்கு முடக்கப்படும், இங்கே அழுத்தவும்’ என்று ஒன்று. முகவரியின் வாலைப் பார்த்தேன். ஓர் எழுத்து மாறியிருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே அழித்தேன். அசதிதான். முன்பு இருந்தது வேறு அசதி.

ஏப்ரல் 21, திங்கள்

பெரிய மருத்துவமனையிலிருந்து அறிக்கை. கட்டிதான். ஒரு கண்ணில் மட்டும். மருந்துக்குச் சுருங்குகிறது, கண்ணை எடுக்க வேண்டியிருக்காது. அந்தக் கண்ணில் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது.

கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து டோக்கன் கொடுத்தேன்.

மே 15, வியாழன்

இடைப் பரிசோதனைக்கு வந்தார்கள். குழந்தைக்கு முடி கொட்டியிருக்கிறது. டாக்டர் பார்த்து முடித்ததும், அடுத்த தேதிச் சீட்டை எழுதும்போது, சொல்லிவிட்டேன். “முதல் மெயிலைக் குப்பைன்னு தள்ளுனது நான்தாம்மா. திருட்டு மெயில்னு நினைச்சுட்டேன்.”

“எத்தனை நாள்?”

“ஒன்பது.”

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “அந்த ஒன்பது நாளும் அரை மணிக்கொரு தடவை மெயிலைத் திறந்து திறந்து பாத்தேங்க்கா.”

சீட்டை வாங்காமலே போய்விட்டாள்.

மே 16, வெள்ளி

பாரம் இறங்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டது சரிதான். ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

ஜூன் 12, வியாழன்

வரமாட்டாள், வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பாள் என்றே நினைத்திருந்தேன். பத்தரைக்கு வந்தாள். பக்கத்து மேசையில் வரிசையே இல்லை, அங்கே போயிருக்கலாம். என் முன்னால் வந்து நின்றாள்.

அவள் சிரிக்கவில்லை. ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை. கையெழுத்துப் போடக் கை இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் மேசைக்கு மேலாகக் குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

“கொஞ்சம் பிடிங்கக்கா.”

பிடித்துக்கொண்டேன்.