சத்தம் ஏறாத ஆறு பாடங்கள்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று முழுக்க ஈ ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால் அக்கா கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள், காற்றுப்போன குரலில். குரல்வளையில் கட்டி. இருபத்துநாலாம் தேதி ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். டாக்டர் அதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப டியூஷன்?"

பிள்ளைகள் போனதும் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "பசங்க தடுக்கி விழுறது ஆறே பாடத்துலதான்டி. அதை மட்டும் வீடியோவா எடுத்து வச்சுட்டா, நான் போர்டு பக்கத்துல நின்னா போதும். உன் போன்லயே எடு."

போனில் கூடாது என்றேன். பின் வரிசையில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெரிய வேண்டும், ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். ஏனோதானோவென்று எடுக்கிற விஷயமா இது?

மார்ச் 6, வெள்ளி

ஆள் சேர்த்துவிட்டேன். எங்கள் கடைக்குப் பக்கத்து ஸ்டுடியோக்காரர் இரண்டு விளக்கு தருகிறார். செய்தி சேனலில் இருக்கும் தோழி சட்டையில் மாட்டுகிற மைக் தருகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். "கூடத்துல மின்விசிறி சத்தம் வருமா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார். அப்போதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

அத்தானிடம் சொன்னேன். முகம் தொங்கிப்போய்விட்டது.

"என் தம்பி ரெண்டு கேமரா வச்சிருக்கான். ட்ரோன் வச்சிருக்கான். வீட்டு ஆளை விட்டுட்டு வெளியாளைக் கூப்பிட்டா, நான் அவன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவர்.

"கணக்குப் பாடத்துக்கு ட்ரோன் எதுக்கு அத்தான்?"

அவர் சிரிக்கவில்லை. அக்கா எனக்குக் கண்ஜாடை காட்டினாள், விட்டுவிடு என்று. விட்டேன். ஒலிப்பதிவாளரை வரவேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. அவர் பரவாயில்லை என்றார்.

மார்ச் 12, வியாழன்

இன்றிலிருந்து அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். இருக்கிற குரலை வீடியோ எடுக்கப்போகிற இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கிறாளாம். எது வேண்டுமென்றாலும் கைதட்டுகிறாள். அத்தான் போனில் தம்பி பெருமை பேசும்போதெல்லாம் கொஞ்சம் பலமாகவே தட்டுகிறாள்.

மார்ச் 16, திங்கள்

அத்தானின் தம்பி, அக்காவின் கொழுந்தனார், ஒரு கல்யாணத்தை விட்டுவிட்டு வருகிறாராம். அத்தான் மறுபடி மறுபடி சொல்லிக் காட்டுகிறார். வரட்டும். ஆரத்தி எடுக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

எடுத்து முடிந்தது. அக்காவைக் கொழுந்தனார் இரண்டு முறை புடவை மாற்றவைத்தார். போர்டுக்குப் பக்கத்தில் பூ ஜாடி. ஆனால் கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் அவ்வளவு துல்லியம். சாக்பீஸ் தூசி கூடத் தெரிகிறது.

அக்கா பேசினாள். இத்தனை நாள் மூடி வைத்திருந்த வாய். காலிக் கூடத்தைப் பார்த்து, "யார்ரா அங்க சிரிக்கிறது? மைனஸை எங்க விட்டே?" என்று அதட்டினாள். நாலாவது பாடத்தில் குரல் உடைந்தது. வெந்நீர் குடித்தாள், நெஞ்சைத் தட்டிக்கொண்டாள், மறுபடி ஆரம்பித்தாள். ஆறாவது பாடம் முடியும்போது பாதி சொல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் முடித்தாள்.

"சினிமா மாதிரி இருக்குல்ல?" என்றார் அத்தான். ஆமாம் அத்தான் என்று நானும்தான் பல்லைக் காட்டினேன்.

மார்ச் 23, திங்கள்

பாவி. பாவி.

மத்தியானம் கொழுந்தனார் வீடியோவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அக்கா வாயசைக்கிறாள். சத்தம் இல்லை. டிவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"கல்யாணத்துல சத்தம் எடுக்கிறதில்லைங்க," என்றார், தரையைப் பார்த்தபடி. "மண்டபத்துல ஒரே இரைச்சல். கேமராவுல சத்தத்தை எப்பவும் ஜீரோவுலதான் வச்சிருப்பேன், பின்னாடி பாட்டு போட்டுடுவோம். கைப்பழக்கத்துல..."

"மைக்குல லைட் எரிஞ்சுதே?"

"மைக் எரிஞ்சுது. கேமராவுலதான் ஏறல."

கடைசிப் பாடத்துக்குப் புல்லாங்குழல் வேறு போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்! அவரை என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்கே கூசுகிறது. அத்தான் குறுக்கே வந்தார்: "வேணும்னா பண்ணான்? விடேன்." விடணுமாம். எத்தனை தடவைதான் விடறது நான்?

அக்கா என் கையிலிருந்த போனைத் தொட்டாள். எடு என்று காட்டினாள். போர்டு பக்கம் போய் நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இருமினாள். மறுபடி திறந்தாள். காற்றுதான்.

இப்போது சொல்லுங்கள் அத்தான், யார் மூஞ்சியில் யார் முழிப்பது? — கேட்கவில்லை. எழுதுகிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்காவுக்குக் கழுத்தில் துளை, அதன் மேல் ஒரு துணி. கையில் சிலேட்டு. ஒரு வாரமாக அதில் ஒன்றையே எழுதி என் முன்னால் நீட்டுகிறாள்: நீ பேசு.

நானா? இவளிடமே படித்து, கணக்கில் முட்டி மோதிக் கரையேறினவள் நான்.

வெட்கத்தை விட்டு அந்த ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டேன். வந்தார். முன்பு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போர்வைகளைத் தொங்கவிட்டு என்னை உள்ளே நிற்கவைத்தார். அக்கா வீடியோவில் தன் வாயசைப்பைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எழுதித் தந்தாள். தப்பாகச் சொன்னால் மேசையைத் தட்டுகிறாள். ஒருமுறை சிலேட்டில்: "கெஞ்சாதே. அதட்டு."

கொழுந்தனார் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் நான் பேசவில்லை. பேசப் போவதுமில்லை.

மே 16, சனி

பேசாத டீச்சரிடம் எதற்கு என்று பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மிச்சப் பேர் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். வெளியூருக்கு மாறிப்போன ஒரு மாணவிக்கும் அனுப்பியிருந்தேன். இன்று அவள் அம்மா அக்கா போனுக்குக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, "சொல்லுங்க" என்றேன்.

"டீச்சர்! வீடியோ பார்த்தோம். உங்களுக்கு ஏதோ தொண்டையில ஆபரேஷன்னாங்க, பயந்தே போயிட்டேன். குரல் முன்னைவிடத் தெளிவா இருக்கே!"

இல்லைங்க, நான் தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிலேட்டில் எழுதினாள்: ஆமாம்னு சொல்லு.

தலையாட்டி மறுத்தேன். பிடியை விடவில்லை.

"ஆமாங்க," என்றேன். "நல்லாயிடுச்சு."

அந்த அம்மா சந்தோஷப்பட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்தாள். பெண் தனக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லச் சொல்ல, அக்கா எழுதினாள், நான் படித்தேன். துடைத்தாள், எழுதினாள். அந்தப் பெண் சிரித்தது. "இப்பப் புரிஞ்சுது டீச்சர், வச்சிடறேன்" என்றது.

போனை வைத்த பிறகும் அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள்.