ஒரே ரத்தம் இல்லைன்னு உன் மகன்கிட்ட சொல்லிட்டேன்

என் உசுரு அண்ணனுக்கு,

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன், அப்புறம் நீ எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. நீ எங்க அம்மா வயித்துல பொறந்தவன் இல்லைன்னு உன் மகன் செல்வத்துகிட்ட சொல்லிட்டேன். அம்மாவுக்குக் கொள்ளி வெச்சுட்டு மொட்டைத் தலையோட வந்து, "பாக்கியம், இந்தப் பேச்சு நம்ம ரெண்டு பேரோட போகட்டும்"னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினியே, அதை உடைச்சுட்டேன். எனக்கு வேற வழி தெரியலைண்ணே.

நீ போனதுல இருந்து இந்த வீட்டுல பயம்தான். உனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஆறு மாசம்கூட ஆகலை. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை நீ ஒருவேளைகூட விடலை. அப்படியும் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே, ஜீப்புல, செல்வம் மடியில கண்ணை மூடிட்ட. எஸ்டேட் லைன் வீடுகள்ல என்ன பேசுனாங்க தெரியுமா? மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பான்னாங்க. சொன்னவங்க வீட்டு வாசல்லயே போய் நின்னு கத்திட்டு வந்தேன்.

அதோட விட்டுச்சா? அடுத்த மழைக்கே செல்வத்துக்கு அடைப்பு. இந்த வயசுல அவனுக்கும் ஒரு ஸ்டென்ட், அதே மாத்திரை. உனக்கு அவன் ஒத்தைப் புள்ளை. எனக்கு மருமகன், என் மக கவிதா கழுத்துல தாலி கட்டினவன். அவன் முன்னாடி சிரிச்சுட்டு, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போற இடத்துல செடிக்குள்ள குனிஞ்சு அழுவேன். இந்த வருஷம் எனக்கே வந்துடுச்சு. கூடையை இறக்கி வெச்சவளுக்குத் திரும்பத் தூக்க முடியலை, இடது கை செத்துப் போச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போய் எனக்கும் ஸ்டென்ட் வெச்சு, அதே மாத்திரையைக் குடுத்தாங்க.

அங்க டாக்டரு வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சான்னு கேட்டாரு. கவிதா உன் கதையைச் சொன்னா. செல்வத்தையும் சொன்னா. அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. "அம்மா, இந்த மாத்திரை நேரா வேலை செய்யாது. உள்ள போனதும் ஈரல்தான் அதை மருந்தா மாத்தணும். சில பேருக்குப் பொறப்புலயே அது நடக்காது. எத்தனை போட்டாலும் வீண். ஜீன் டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடும், அவங்கவங்களுக்கு ஏத்த மருந்தா மாத்திக்கலாம்"னாரு.

"ஃபேக்டரி ஓடலைன்னா கொழுந்து தூளாகாதுங்களே, அந்த மாதிரிங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. சிரிச்ச மனுஷன் அடுத்ததா என்ன கேட்டாரு தெரியுமா? "அண்ணன் மகனுக்கே பொண்ணைக் குடுத்துட்டீங்களா? சொந்தத்துக்குள்ளேயே கட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியலை. சொந்தமா? எந்தச் சொந்தம் சாமி?

சிலோன் தோட்டத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின நம்ம லயத்துல அடுத்த காம்பரா, பக்கத்து ரூமுதான் உங்க வீடு. உன்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரே காய்ச்சல்ல போனதும் நீ எங்க பாய்ல வந்து படுத்த. இந்தியாவுக்குக் கிளம்புறப்போ ஆபீசர் "இது யாரு?"ன்னு கேட்டதுக்கு, "என் மூத்த மகன்"னு அம்மா சொன்னாங்க. அவ்வளவுதான் கதை. கப்பல்ல வாந்தி எடுத்த என்னை மடியில வெச்சிருந்தது நீ. அப்புறம் யாரு உன்னை அண்ணன் இல்லைன்னு சொல்ல முடியும்?

அதனால டாக்டர்கிட்ட வாயைத் திறக்கலை. என் ரத்தத்தை எடுத்துக்கிட்டாங்க. செல்வத்தையும் வந்து குடுக்கச் சொன்னாங்க. அவன் லோடு இருக்கு, அடுத்த வாரம்னான். கொழுந்து வண்டி ஓட்டுறவனுக்கு என்னைக்குத்தான் லோடு இல்லை? அவனுக்குப் பயம்ணே. மடியில நீ போனதைப் பாத்தவன். அந்த மாத்திரை தனக்கும் வீண்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம்.

என் ரிசல்ட் வந்துச்சு. எனக்கு மாத்திரை நல்லாவே வேலை செய்யுதாம். வீடே சந்தோஷத்துல குதிச்சுச்சு. செல்வம் கூடலூர்ல இருந்து வர்க்கி பிஸ்கட் வாங்கிட்டு வந்து எனக்கு ஊட்டி விட்டான். "எங்கப்பா கூடப் பொறந்த உங்களுக்கே வேலை செய்யுதுன்னா எனக்கும் செய்யும் அத்தை. ஒரே ரத்தம்தானே? எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" மிச்ச வர்க்கியை அவன் கையிலேயே தள்ளிட்டேன். அவங்கவங்க ரத்தத்தைத்தான் பாக்கணும்னு டாக்டரு போன்ல சொன்னாரு. கவிதா கெஞ்சினா. அவன் யாரு பேச்சைக் கேட்டான்? உன் பிடிவாதம் அப்படியே இருக்கு.

அதுக்கப்புறம் அவன் நெஞ்சைத் தடவுறதைப் பாக்க ஆரம்பிச்சேன். கேட்டா வாயுத் தொல்லைங்கிறான். நீயும் அதைத்தானே சொன்ன? அவன் குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளிய நின்னு தண்ணி ஊத்துற சத்தம் கேக்குதான்னு பாப்பேன். என் பயம் எனக்கே வெக்கமா இருந்துச்சு.

ஒரு நாள் மத்தியானம் அவன் வண்டியில கூடலூர்ல இருந்து ஓவேலிக்கு, நம்ம வீட்டுக்குத் திரும்பிட்டிருந்தோம். வளைவுல யானைக் கூட்டம். குட்டியோட நின்னுச்சுங்க, ரோட்டை விட்டு நகரலை. இன்ஜினை அணைச்சுட்டு மூச்சுவிடாம உக்காந்திருந்தோம். யானையைப் பாத்துட்டே அவன் கை தானா நெஞ்சுக்குப் போச்சு. முகம் வேத்துடுச்சு. இவனும் என் பக்கத்துலயே, வண்டியிலயே போயிடுவான்னு நெனைச்சேன்.

கல்யாணத்துக்கப்புறம் அவனை "மாப்ள"ன்னுதான் கூப்பிடுவேன். அன்னைக்கு அது வரலை. "டேய் செல்வம், என் ரிசல்ட்டை நம்பாதடா. உங்கப்பாவும் நானும் ஒரு வயித்துல பொறக்கலை"ன்னேன்.

"யானையைப் பாத்து உளர்றீங்களா அத்தை?"

எல்லாத்தையும் சொன்னேன். அடுத்த காம்பராவை, காய்ச்சலை, அம்மா ஆபீசர்கிட்ட சொன்னதை. யானைங்க இறங்கிப் போயிடுச்சு, பின்னால நின்ன வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது, இவன் சாவியைத் தொடலை.

"அப்ப எங்கப்பாவைப் பெத்தவங்களுக்கு என்னென்ன வியாதி இருந்துச்சு?"

"தெரியலைடா. ராமையான்னும் செவனம்மான்னும் பேரு மட்டும்தான் தெரியும்."

"செத்ததுக்கப்புறம்கூட எங்கப்பாவை விட மாட்டீங்களா?"ன்னான். அப்புறம் வண்டியை எடுத்தான். நாலஞ்சு நாளு என் முகத்தைப் பாக்கலை. தண்ணி வேணும்னாலும் கவிதாகிட்டதான் கேட்டான். கவிதா ஒரு சாயங்காலம் என் பக்கத்துல வந்து உக்காந்து, "ஏம்மா, அப்ப நான் சொந்தம் இல்லாம அசல்லதான் கட்டியிருக்கேனா? சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் பிகு பண்ணியிருப்பேனே"ன்னா. அந்தப் பேச்சுக்கு ரெண்டு பேரும் சிரிச்சு, சிரிப்பு அழுகையா போச்சு. அவ எந்திரிச்சுப் போய் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டா. மறுநாள் அவனை ரத்தம் குடுக்கக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ரிசல்ட் வாங்க நானும் கூடப் போனேன்.

அண்ணே, அவன் உடம்பு அந்த மாத்திரையை மருந்தா மாத்தலை. கொஞ்சம்கூட மாத்தலை. இத்தனை நாளும் ஸ்டென்ட்டை வெச்சுக்கிட்டு, காவல் இல்லாமத்தான் மலையில ஏறி இறங்கிட்டு இருந்திருக்கான். டாக்டரு அன்னைக்கே வேற மாத்திரை குடுத்துட்டாரு. உனக்கும் இதேதானான்னு கேட்டேன். இருந்திருக்கலாம், இப்ப உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து செல்வம் தேம்பினான். "அப்பா நேரம் தவறாம முழுங்குவாரே அத்தை"ன்னான். அன்னைக்குத்தான் திரும்ப அத்தைன்னு கூப்பிட்டான்.

பயம் போயிடுச்சான்னு கேக்காதே. புது மாத்திரைக்கு ரத்தக்கசிவு வரலாமாம். அவன் பல் விளக்கித் துப்புறப்போ எட்டிப் பாக்கறேன். திட்டறான். திட்டட்டும், திட்ட ஆளு இருக்கே.

இன்னொன்னும் இருக்கு. உன் பேத்திக்கு எப்படி இருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன். நம்ம யாழினிக்குத்தான். அப்பா பக்கத்துல இருந்து அந்தக் குறை ஒரு பங்கு கண்டிப்பா வந்திருக்கும், அம்மா பக்கம் நல்லபடியா இருந்தா கொஞ்சம் தாங்கும், இப்ப சின்னப் புள்ளைக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம்னாரு. வர்ற வழியெல்லாம் அதையே நெனைச்சுட்டு வந்தேன். உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு சொட்டு ரத்தம்கூட ஒட்டு இல்லை. நம்ம ரெண்டு பேரு ரத்தமும் ஒன்னா ஓடுறது அந்தப் புள்ளைக்குள்ளதான். உன் பக்கம் கைவிட்டா என் பக்கமாவது அவளைத் தாங்கணும்னு கும்பிடாத சாமி இல்லை.

அவ வளந்ததும் ராமையாவையும் செவனம்மாவையும் நானே சொல்லிக் குடுக்கறேன். எந்த டாக்டரு கேட்டாலும் அவ வீட்டுல மறைச்ச பேரு ஒன்னும் இருக்காது. இந்தச் சத்தியத்துக்கு நீ கை நீட்ட முடியாது. அதனால அவ தூங்கறப்போ அவ கையில அடிச்சுக் குடுத்துட்டேன்.

உன் தங்கச்சி,
பாக்கியம்