யதொல்லா அனுப்பிய மூட்டை

அன்புள்ள மஹ்லகா,

நீயும் குழந்தையும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் தெஹ்ரான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கண்ணில் கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள்.

பயப்படாதே, குண்டு படவில்லை. பதுங்குகுழியில் திடீரென்று பூண்டு வாசம். "எவன்டா பூண்டு வதக்குறான்? எனக்கும் ஒரு தட்டு வைடா!" என்று நான்தான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அது எதிரி வீசிய விஷம் என்று உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

குரல் கம்மிவிட்டது. தொண்டைக்குச் சீமைமாதுளை விதை கொஞ்சம் அனுப்பு.

ஆம்புலன்ஸ் ஓட்டும் நம்மூர் யதொல்லா, "அண்ணிக்கு ஆறுதலா இருக்கட்டும்" என்று, அன்று நான் போட்டிருந்த சட்டையை மூட்டை கட்டி உனக்கு அனுப்பிவிட்டான். கட்டிய கை இரண்டும் வெந்து, இப்போது பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறான். விஷம் துணியில் இருக்கிறதாம்.

மூட்டையைப் பிரிக்காதே. குழந்தையை அண்டவிடாதே. அதைக் கம்பால் தள்ளிக் குழியில் புதைக்க உன் அண்ணனிடம் சொல். ஊருக்குப் போன் கிடைக்கவே இல்லை.

தபால் பையைக் கட்டுகிறார்கள். மூட்டை இதற்கு முன்பே கிளம்பிவிட்டது. நான் இல்லாதபோதெல்லாம் என் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு தூங்குவாயே, இந்த ஒரு தடவை வேண்டாம்டி.

உன் நேமத்