கரும்பலகையில் நின்ற கணக்கு

1992 ஆவணி, செவ்வாய்

கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் பாடசாலை வகுப்பறையில் இருந்த குடும்பத்துக்கு, வெளியேறச் சொல்லும் பாடசாலைச் சபையின் கடிதத்தை இன்று நான்தான் கொண்டுபோனேன். பரீட்சைக்கு அறை வேண்டுமாம். 'பாடசாலைச் சொத்துக்குச் சேதம்' என்று காரணம் எழுதியதும் சபையின் எழுத்தரான நான்தான், அறையை எட்டியும் பார்க்காமல்.

அந்த அம்மா வாசித்துவிட்டுக் கரும்பலகையைக் காட்டினார். யாரோ வாத்தியார் பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருந்தது.

"வந்த நாள் தொட்டு உதிலை ஒருத்தரையும் கைவைக்க விடேல்லை, தம்பி. பிள்ளையள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலை தொடங்கவேணுமெல்லே?"

பின்னேரம் சாமான்களோடு இறங்கிப் போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

பரீட்சை அறையில் பலகை வெறுமையாக இருக்கவேண்டும் என்று அதிபர் என்னிடம் துணியைத் தந்தார். உலர்ந்த துணிக்குக் கணக்கு அசையவில்லை. தண்ணீர் தொட்டு, அழுத்தித் துடைத்தேன்.