நான் மாற்றிய எண்கள்

இன்று ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் சார்ட் பேப்பரும் பசைப் புட்டியும் கொடுத்து எங்களையே ஒட்டச் சொன்னார்கள். விரல்களில் பசை காய்ந்து உரிந்தபோது, அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். திரையில் 'செயல்திட்டவழிக் கற்றல்' என்று எழுதியிருந்தது. நீ அதற்குப் பெயர் எதுவும் வைத்ததில்லை.

அவிநாசிப் பக்கத்து நம் பள்ளிக்கு நீ அறிவியல் ஆசிரியையாக வந்தபோது, எங்களுக்குப் புராஜெக்ட் என்றால் தெர்மாகோல் எரிமலைதான். கோவை ஆர்.எஸ்.புரத்துக் கடையில் செய்தே விற்பார்கள். நாங்களும் மதிப்பெண் போடுவோம். "ஏனுங்கக்கா, கடையில வாங்குனதுக்குக் கடைக்காரருக்குத்தானுங்க மார்க் போடோணும்?" என்றாய். நான் சிரிக்கவில்லை. பி.எட். முடித்த சூட்டில் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

பள்ளித் தொட்டியில் மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். அது எங்கே போகிறது என்று ஏழாம் வகுப்பே கண்டுபிடிக்கட்டும் என்றாய். அறிவியலுக்கு நீ, கணக்குக்கு நான். தலைமையாசிரியை இரண்டு வாரம் கொடுத்தார். "பெற்றோர் வர்ற அன்னிக்கு உருப்படியா எதுவும் இல்லீன்னா இதோட நிறுத்திப்போடோணும்" என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் தொட்டியோரக் கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்து எழுதினார்கள். பெற்றோர் வருவதற்கு முந்தின மதியம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பாடவேளையில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும், யாரும் வெளியே வருவதில்லை. ஆனாலும் மட்டம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. பிள்ளைகள் தப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். கல்லூரி ஆய்வகத்தில் விடைக்குத் தகுந்தபடி ரீடிங் எழுதித்தானே நாங்கள் பட்டம் வாங்கினோம்? எண்களைத் திருத்தி, வரைபடத்தையும் நானே அழகாக வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு சிறுமி அதன் முன்னால் நின்று, "இது எங்க நம்பர் இல்லீங்க மிஸ்" என்றாள்.

"தப்பாப் பாத்திருப்பீங்க."

"மூணு நாளு, மூணு பேரு பாத்தமுங்க மிஸ்."

நீ அங்கேதான் இருந்தாய். பிள்ளைகள் எதிரில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "தப்பாவே பாத்திருந்தாலும் அது அவிங்க தப்புங்கக்கா. நீங்க எதுக்கு எடுத்துக்கிட்டீங்க? நீங்களே சொல்லிப்போடுங்க."

இருபது வருடங்களில் வகுப்பு முன் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. உன் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் நான் பேசாவிட்டால் அந்தச் சிறுமி தன் கண்ணையே நம்பமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போய், "எண்ணை மாத்தினது நான்தான். அது தப்பு" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப உங்களுக்கு எத்தன மார்க்குங்க மிஸ்?" எல்லாரையும்விட நீதான் உரக்கச் சிரித்தாய்.

கோணல்மாணலான பழைய தாளே சுவரில் ஏறியது. மோட்டார் மெக்கானிக்கான ஒரு தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு, "யாரும் புடிக்காம எறங்குதுன்னா மண்ணுக்குள்ள போகுதுங்க. பைப்பு ஒடஞ்சிருக்கும்" என்றார். மதிலோரம் யாரும் தண்ணீர் விடாமலே ஒரு வாழை கொழுத்து நின்றதே, அதன் அடியில் தோண்டினார்கள். உடைந்த குழாய் அங்கேதான் இருந்தது. தலைமையாசிரியை அடுத்த பருவத்துக்கும் அனுமதி கொடுத்தார்.

அதன் பிறகு இரண்டு வருடம்தான் உனக்கு. மருத்துவமனைக்குப் பழங்களோடு வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். "பழம் எதுக்குங்கக்கா? புள்ளைங்க கேட்ட கேள்வி ஏதாச்சும் கொண்டாந்திருக்கலாமுங்க" என்றாய். நினைத்துப் பார்த்தேன், என்னிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. அடுத்த முறை கொண்டுவரலாம் என்றிருந்தேன். நீ காத்திருக்கவில்லை.

பிள்ளைகளே செய்து கற்கும் இந்த முறையில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வகுப்பில் இரைச்சல், பாடம் முடிவதில்லை, நாலு பேர் உழைப்பில் இரண்டு பேர் ஓட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் நீ இருந்திருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பேன்.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்துப் புங்கமர நிழலை அளந்தார்கள். ஒருத்தி கொண்டுவந்த அளவு மற்ற எதோடும் பொருந்தவில்லை. சிவப்புப் பேனா என் கையில் திறந்தே இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, "எப்படி அளந்தே கண்ணு? எனக்கும் காட்டு" என்றேன். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் முன்னால் நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன்.