நவம்பர் மாதத்துப் படம்

ஏப்ரல் 9
எரிந்த மலையின் வரைபடம் முடிந்தது. தீக்கு முந்தைய மார்ச்சின் செயற்கைக்கோள் படத்தையும் இந்த மார்ச்சின் படத்தையும் ஒப்பிட்டதில், காடு மீண்டது முப்பத்தொரு சதவீதம்தான். கிழக்குச் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள மரமே இல்லை. கீழே நாற்பது வீடுகள். மழைக்கு முன் தடுப்பு கட்டியே ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். காய்ச்சல் அடிக்கிறது. அறிக்கையை அனுப்பும் வேலையை அவரிடமே விட்டுவிட்டேன். கணவரே மேலதிகாரியாக இருப்பதில் இந்த ஒரு சௌகரியமாவது இருக்கட்டுமே!

ஏப்ரல் 10
அவரே சமைத்தார். உப்பு தூக்கல். பாவம், சொல்லவில்லை.

ஏப்ரல் 21
வனக் காவலர் போன் செய்தார். “எழுபத்தெட்டு சதவீதம் மீண்டுடுச்சுன்னு எழுதியிருக்கீங்களேம்மா? தடுப்பு வேலையை நிறுத்திட்டாங்க. மழையில முளைச்ச களையெல்லாம் காய்ஞ்சு கெடக்கு. மரம் எங்கம்மா?”

அறிக்கையைத் திறந்தேன். இந்த மார்ச்சின் படம் இருந்த இடத்தில் போன நவம்பரின் படம். மழை மாதம். புல், களை எல்லாமே பச்சை, கணக்கில் எல்லாமே காடு. மார்ச்சை மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். இது கைத்தவறே அல்ல. அடியில் ஆய்வாளர் என்று என் பெயர்.

அதே நாள், மறுபடி
அவரிடம் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. “மேல நல்ல சேதி எதிர்பார்க்கறாங்க. உன் பேரு இருந்தா யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்கன்னுதான்…”

பதினாறு வருஷம் இம்மி பிசகாம வேலை பார்த்தேனே — இதுக்குத்தானா? நான் முடியாம படுத்திருந்தப்ப பக்கத்து ரூம்ல உட்கார்ந்து செஞ்சிருக்காரு. நடுவுல வந்து நெத்தியைத் தொட்டு வேற பார்த்தாரு!

ஏப்ரல் 23
இரண்டு படங்களையும் இணைத்து, நடந்ததை நடந்தபடி துறை இயக்குநருக்கு எழுதினேன்.

மே 4
அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். துணியை மடித்துக்கொண்டே, “கட்டின புருஷனையே காட்டிக் குடுத்துட்டியே” என்றார். யார் யாரைக் காட்டிக் கொடுத்தது?

மே 19
தடுப்பு கட்ட இனி நேரமில்லை. நாற்பது குடும்பங்களையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனபோது ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானே எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதினீங்க?” வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 12
மேகம் விலகி, காலைப் படம் வந்தது. கிழக்குச் சரிவிலிருந்து தெரு வரைக்கும் பழுப்பாக ஒரு பட்டை. பதினொரு கூரைகளைக் காணோம். உள்ளே யாரும் இல்லை.

மத்தியானம் அவர் கூப்பிட்டார். “நம்ம ரிப்போர்ட்டாலதான் அத்தனை பேரும் பொழைச்சாங்க, இல்ல?”

நம்ம ரிப்போர்ட்.

அவர் குரலில் கூச்சமே இல்லை. எனக்குத்தான் கூசியது. வைத்துவிட்டேன்.