தையல் அன்ரிக்கு ஆர் தைச்சது?

என் பிரியமான தையல் அன்ரிக்கு,

நீங்கள் போய் இருபத்துநாலு நாளாகிறது. எங்கள் வில்லரேத் தெருக்களில் இன்னும் பனி கரையவில்லை. வெளிப்படியில் பனி கரைய உப்புப் போட ஆளில்லாமல் நேற்று நானே சறுக்கி விழப் பார்த்தேன். உங்கள் தையல் மெசினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு புதினம் சொல்கிறேன், கேளுங்கள். உங்களை அடக்கம் செய்த மறுநாளே பிலோமினா அன்ரி ரெலிபோன் எடுத்தார். பங்குச் சபையின் செயலாளர், கர்க்லாண்டில் பெரிய வீடு, கோயிலில் உட்காருவது முதல் வாங்கில். "பிள்ளை, ஆண்டவர் அவவின்ரை ஆத்துமாவைச் சேர்த்துக்கொள்ளட்டும்" என்றார். மூச்சு விடாமல் அடுத்த வசனம்: "எங்கடை பேத்தியின்ரை முதல் நன்மை உடுப்பு முடிஞ்சுதோ?"

சிரிக்கிறீர்களா? எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோதாரி, உங்கள் மண் காயக்கூட இல்லை.

நான் செத்தவீட்டு அலுவலில் ஓடித்திரிந்தபோது பங்குச் சபைக்காரரே உங்களுக்கு ஒரு மரண அறிவித்தலும் அச்சடித்துத் தமிழ்க்கடைக் கண்ணாடிகளில் ஒட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களின் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயாரும் என்று நீண்டு வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு ஒரே வரி. 'எமது பங்கின் சிறந்த தையற்கலைஞர்.' நீங்கள் என்ன, வானத்திலிருந்து மெசினோடு விழுந்தீர்களா?

உங்கள் குற்றம் எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் உங்களைக் கட்டியவர் ஜேர்மனியில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினார். அவர் உயிரோடு இருக்கும்வரை கோயில் உங்களுக்கு இன்னொரு கலியாணம் கட்டித் தராது. நீங்கள் அம்மா இல்லாத என்னையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ள வந்து, கலியாணம் கட்டாமலே அப்பாவோடு குடும்பமாக இருந்துவிட்டீர்கள். அதனால் பூசையில் உங்களுக்கு நன்மை அப்பம் கிடையாது, முன் வாங்கு கிடையாது, பிறந்தநாள் வீடுகளுக்கு அழைப்பும் கிடையாது. ஆனால் நீங்கள் வேலை செய்த தையல் பாக்டரியை மூடிவிட, நீங்கள் வீட்டில் தைக்கத் தொடங்கியதும், பங்கில் முதல் நன்மை எடுத்த பிள்ளைகள் எல்லாம் போட்டது நீங்கள் தைத்த வெள்ளை உடுப்பு. பிள்ளைகள் வரிசையாகப் போய் நன்மை வாங்கும்போது நீங்கள் கடைசி வாங்கில் இருந்து விளிம்புத் தையல் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்தச் சனத்துக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததா?

எனக்கு இருந்ததா என்றும் கேட்க வேண்டும். எனக்கு எட்டு வயது. கோயில் வாசலில் என் முதல் நன்மை உடுப்பின் பின்பக்கத்தை நீங்கள் சரிசெய்துகொண்டிருந்தீர்கள். வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் வந்து, "இவ ஆர், உங்கடை சொந்தமோ?" என்று கேட்டார். "இல்லை, எங்களுக்குத் தைக்கிறவ" என்றேன். உங்கள் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து விளிம்பில் குத்தினீர்கள்.

பிறகு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போய் நான் பெரிய படிப்பாளியானேன். இங்கிலிஷ் வகுப்பில் பியூரிட்டன் காலத்தைப் பற்றிய கதைகளைப் படித்தோம். கறுப்பு உடுப்புப் போட்ட பக்திமான்களின் ஊர், அந்த ஊர் தள்ளிவைத்த ஒருத்தி, அவள் கையில் ஒரு ஊசி. அவளோடு ஒருவரும் கதைப்பதில்லை, அவள் தைத்ததை எல்லாரும் உடுத்துகிறார்கள். அவளுக்குத் தையல் என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தையல் அவளுடைய தவம், அவளுடைய கலை, அவளுடைய மௌனமான பேச்சு என்று எட்டுப் பக்கம் எழுதினேன். விரிவுரையாளர் வகுப்பிலேயே வாசித்துக் காட்டிப் புகழ்ந்தார். வாழ்க்கையில் ஒரு பொத்தான்கூடத் தைக்காத இரண்டு பேர் சேர்ந்து தையலைக் கண்டுபிடித்தோம்.

அந்தப் பெருமையில் உங்களுக்கும் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நீங்கள் மெசினை நிறுத்தவில்லை.

"என்ன விசர்க்கதை பிள்ளை இது? தவமோ? முதுகு நோ வந்தால் தெரியும் தவம்."

"அப்ப ஏன் அன்ரி அவள் அந்த ஊருக்கே தைக்கிறாள்? விட்டிட்டுப் போயிருக்கலாம்தானே?"

"போனால் அவையள் நிம்மதியாய் இருப்பினமெல்லே. தைச்சால் அவள்டை வாசலுக்கு வரத்தானே வேணும். இஞ்சை பார், கோயிலிலை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிறவள் எல்லாம் இந்த அறையிலை அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாள். நான் மூச்சை விடுங்கோ எண்டால்தான் விடுறாள். எனக்கு அது காணும்."

சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். என் எட்டுப் பக்கமும் அந்த நூலோடு போயிற்று. பிறகு, மிகச் சாதாரணமாக, ஒரு கேள்வி கேட்டீர்கள். "அது சரி, உந்தக் கதையளிலை அவளுக்கு ஆர் தைச்சது?"

நீங்கள் அன்றும் கடையில் வாங்கிய, தோள் இறங்கிய கம்பளிச் சட்டையோடுதான் இருந்தீர்கள்.

உங்களுக்கு முன்னமே அப்பா போனபோது அவருடைய மரண அறிவித்தலை எழுதியது நான்தான். பிலோமினா அன்ரி பக்கத்தில் இருந்துகொண்டு, "கோயிலிலை கட்டாத ஆளை மனைவி எண்டு போடேலாது, றெஜி. சுவாமியாருக்குச் சங்கடம்" என்றார். நானும் தலையாட்டினேன். மனைவி என்று போட முடியாவிட்டால் வேறு ஒரு சொல்லும் எனக்கு அகப்படவில்லையா? காலஞ்சென்ற அம்மாவின் பெயர், என் பெயர், லண்டன் சித்தப்பாவின் பெயர், எல்லாம் போட்டேன். நீங்கள் மூக்குக் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தீர்கள். "பேரெல்லாம் சரியாய்க் கிடக்கு, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, நோயில் கிடந்து மெலிந்துபோயிருந்த அப்பாவின் கோட்டை, சவப்பெட்டியில் அவருக்குப் போடுவதற்காக ஒடுக்கித் தைக்கப் போனீர்கள். அந்தப் பங்குப் பெண்களை நான் எவ்வளவு அருவருத்தாலும், அன்றைக்கு அந்தப் பேனை என் கையில்தான் இருந்தது.

உங்கள் கேள்விக்கு இப்போது ஒரு மறுமொழி இருக்கிறது. பெட்டியில் நீங்கள் போட்டிருக்கும் நீலச் சட்டையை ஒடுக்கியது நான். உங்கள் ஊசி, உங்கள் நூல், என் கை. இடப்பக்கத் தையல் கோணல். நீங்கள் பார்த்திருந்தால் பிரித்து எறிந்திருப்பீர்கள்.

பிறகு முப்பத்தோராம் நாளுக்கு நானே ஒரு அறிவித்தல் அடித்தேன். அப்பாவின் பெயரைப் போட்டு 'அன்பு மனைவியும்' என்று எழுதினேன். 'றெஜினாவின் அன்புத் தாயாரும் ஆவார்' என்று முடித்தேன். அதைக் கண்கள் இருக்கும் உயரத்தில் எங்கள் வாசல் கதவில் ஒட்டினேன். மெசினுக்குப் பக்கத்தில் நாலு வெள்ளை உடுப்புகள் பாதியில் கிடந்தன. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ என்று எல்லாருக்கும் ரெலிபோனில் சொன்னேன். வாசிக்காமல் மணியடிக்க முடியாது என்று எனக்குள் ஒரு கள்ளச் சந்தோசம்.

முதலில் வந்தது பிலோமினா அன்ரிதான். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க என் வாயில் ஒரு வண்டி வசவு தயாராக இருந்தது. கதவைத் திறந்தேன்.

"றெஜி, நீர் அவவை அம்மா எண்டு கூப்பிட்டதை நான் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த மனிசி வாயால் வந்த ஒரே உண்மை. கை இன்னும் பொருத்தாத பேத்தியின் உடுப்பைப் பையில் போட்டு நீட்டினேன்.

"ஓம் அன்ரி" என்றேன். "அவவும் கேக்கேல்லை."

வருகிற ஞாயிறு உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை. முடிவில் என்னைப் பேசக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தையலைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். தையலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், இது சத்தியம். ஒலிவாங்கியின் முன் நின்று, முதல் வாங்குக்கும் நீங்கள் இருந்த கடைசி வாங்குக்கும் கேட்கும்படி, அம்மா என்று தொடங்குவேன். காலம் பிந்திவிட்டது, தெரியும். கேட்குமா, அம்மா?

உங்கள் அன்பு மகள்,
றெஜினா